எத்தனை புழு இருந்தால் மருந்தடிக்க வேண்டும்?

முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் ஒரு குதிரைமசால் (அல்ஃபால்ஃபா என்ற மாட்டுத் தீவனப் பயிர்) வயல். அறுவடைக்கு இன்னும் சில நாட்கள்தான். வலையை வீசிப் பார்த்தால் பச்சைப் புழுக்கள் விழுகின்றன. மருந்தடிக்கலாமா, வேண்டாமா?

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் தாவர அறிவியலும் பயிர்ப் பாதுகாப்பும் படிப்பவர்கள் இந்த மாதிரிக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லத்தான் பழகுகிறார்கள். "எத்தனை புழு? எவ்வளவு பெரியவை? அவற்றில் எத்தனை முழுசாக வளரப்போகின்றன? அறுவடை எந்தத் தேதி?" என்று திருப்பிக் கேட்பவருக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்று சொல்லலாம். இந்தக் கட்டுரை அந்தப் படிப்பின் மையத்தில் இருக்கும் கருத்தைப் புதியவர்களுக்கு விளக்குவதற்காக. சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும், விவசாயத்தில் மருந்தைப் பற்றிப் பேச்சு வரும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கும் உதவும்.

முதலில் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம். கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி. கலிஃபோர்னியாவின் முதல் கம்யூனிட்டி காலேஜ் 1910-ல் ஃப்ரெஸ்னோவில் தொடங்கியது. இன்று மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவை எண்ணும் அலகு) 46 டாலர் கட்டணம், வெளியாட்களுக்குப் பல மடங்கு. சுமார் 60 யூனிட் முடித்தால் அசோசியேட் பட்டம். அதோடு வேலைக்கும் போகலாம், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் லூயிஸ் ஒபிஸ்போவில் உள்ள கால் பாலி, யூசி டேவிஸ் போன்ற இடங்களில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து இளநிலைப் பட்டமும் முடிக்கலாம். மொடெஸ்டோ ஜூனியர் காலேஜ், ரீட்லி காலேஜ், காலேஜ் ஆஃப் த செக்வோயாஸ், பேக்கர்ஸ்ஃபீல்ட் காலேஜ் எல்லாம் மத்தியப் பள்ளத்தாக்கில், பாதாமும் திராட்சையும் ஆரஞ்சும் விளையும் நிலத்தின் நடுவிலேயே இருக்கின்றன. இந்தப் படிப்புக்கு இது பெரிய அனுகூலம். பூச்சியைப் பார்க்க வகுப்பிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பூச்சிக்கு முன்னால் செடி

பயிர்ப் பாதுகாப்பு என்றதும் நேராகப் பூச்சிகளுக்குப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் முதல் செமஸ்டரில் செடி, மண், தண்ணீர், உரம் என்றுதான் பாடம் ஓடும். அதற்கு அர்த்தம் இருக்கிறது. செடி நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்கு, அது கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று சொல்ல முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. இலை மஞ்சளாகிறது. காரணம் பூச்சியா, நோயா, சத்துக்குறையா? தழைச்சத்துக் குறைந்தால் செடி தன் பழைய இலைகளிலிருந்து அதை உருவி இளந்தளிருக்கு அனுப்பும், அதனால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைந்தால் கதை தலைகீழ். இரும்பு செடிக்குள் அப்படி எளிதில் இடம்மாறாது. ஆகவே புது இலைகள்தான் முதலில் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மஞ்சள் எங்கே தொடங்கியது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வயலைத் தூரத்திலிருந்து பார்க்கவும் பழக்குவார்கள். பாதிப்பு கோடு போட்டதுபோல நேராக இருந்தால், வரிசைக்கு வரிசை ஒரே மாதிரி இருந்தால், பெரும்பாலும் அது மனிதர் செய்த வேலை: தெளிப்பான் அடைத்துக்கொண்டது, உரம் இரட்டிப்பாக விழுந்தது, பக்கத்து வயலின் களைக்கொல்லி காற்றில் வந்தது. திட்டுத் திட்டாக இருந்தால் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவோ மண்வழி நோயோ என்று தோண்டிப் பார்க்க வேண்டும். புழுதி பறக்கும் மண்சாலையை ஒட்டிய மரங்களில் மட்டும் இலை வெளிறினால், இலைச் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய சிலந்திப்பேனைத் தேட வேண்டும். புழுதி படிந்த, தண்ணீர் போதாத மரம் சிலந்திப்பேனுக்கு ரொம்ப வசதி.

செடியைத் தெரிந்துகொள்வதில் இன்னொரு முக்கியமான விஷயமும் இருக்கிறது. செடி சும்மா தின்னக் கொடுத்துவிட்டு நிற்பதில்லை. கொஞ்சம் இலை போனால் மிச்ச இலைகளை வைத்துச் சமாளித்துக்கொள்ளும், புதுத் தளிர் விடும். எந்தப் பருவத்தில் எவ்வளவு இழப்பைத் தாங்கும், எந்தப் பருவத்தில் கொஞ்சம்கூடத் தாங்காது என்பது பயிருக்குப் பயிர் மாறும். ஆக, ஒரு செடியில் பூச்சி இருப்பதாலேயே விளைச்சல் குறைந்துவிடும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மீதி எல்லாம் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

மையக் கருத்து: பொருளாதாரச் சேத நிலை

1954-ல் புள்ளி அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி கலிஃபோர்னியாவின் குதிரைமசால் வயல்களுக்குள் நுழைந்தது. அப்போது கைவசம் இருந்த வீரியமான பூச்சிக்கொல்லிகளை விவசாயிகள் அடித்தார்கள். அசுவினி செத்தது. கூடவே அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளும், அதற்குள் முட்டையிடும் குட்டிக் குளவிகளும் செத்தன. சில வாரங்களில் அசுவினி திரும்ப வந்தபோது அதைத் தின்ன ஆளில்லை. மறுபடி மருந்து, மறுபடி அசுவினி. போகப்போக அந்த மருந்துகளையே தாங்கிக்கொள்ளும் அசுவினிகள் பெருகின.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னன் ஸ்டெர்ன், ரே ஸ்மித், ராபர்ட் வான் டென் போஷ், கென்னத் ஹேகன் ஆகிய நான்கு பூச்சியியலாளர்கள் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். இயற்கை எதிரிகளை விட்டுவைத்து அசுவினியை மட்டும் குறைக்கும் மருந்தைக் குறைந்த அளவில், தேவைப்படும்போது மட்டும் அடிப்பது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிகளை நிலைக்கச் செய்வது என்று இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். 1959-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில்தான் இந்தத் துறை இன்றும் பயன்படுத்தும் இரண்டு அளவுகோல்கள் தெளிவாக வந்தன.

முதலாவது, பொருளாதாரச் சேத நிலை. பூச்சி விளைவிக்கும் நட்டம், அதைக் கட்டுப்படுத்த ஆகும் செலவுக்குச் சமமாகும் எண்ணிக்கை இது. அதற்குக் கீழே பூச்சி இருந்தால் மருந்தடிப்பது கையிலிருக்கும் காசை வயலில் கொட்டுவதற்குச் சமம். இரண்டாவது, நடவடிக்கை எல்லை. இது முதலாவதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கும். பூச்சி பெருகிக்கொண்டே போகும், ஆள் ஏற்பாடு செய்து மருந்து வேலை செய்ய நாளாகும். ஆகவே சேத நிலையைத் தொடும் வரை காத்திருக்காமல், அதற்குப் போகும் வழியிலேயே ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறோம். அதைத் தொட்டால் நடவடிக்கையில் இறங்க வேண்டும்.

கணக்காகப் போட்டுப் பார்த்தால் சட்டென்று புரியும். கீழே வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த வயலின் கணக்கும் இல்லை. ஒரு ஏக்கருக்கு மருந்தும் கூலியும் சேர்த்து 30 டாலர் ஆகிறது. தீவனம் டன் 200 டாலருக்கு விற்கிறது. 30 டாலர் என்பது 0.15 டன், அமெரிக்க டன்னில் 300 பவுண்டு. அதாவது ஏக்கருக்கு 300 பவுண்டு இழப்பைத் தடுத்தால்தான் செலவழித்த பணம் திரும்பும். ஒரு வீச்சுக்கு, அதாவது வலையை ஒருமுறை வீசினால், சராசரியாக ஒரு புழு கூடினால் 25 பவுண்டு இழப்பு என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 25-ஆல் வகுத்தால் 12. வீச்சுக்கு 12 புழு என்பது சேத நிலை.

சரி, இப்போது விலையை மாற்றுங்கள். தீவனம் 300 டாலராகிவிட்டது. 30 டாலருக்கு ஈடான இழப்பு 200 பவுண்டாக இறங்கும், சேத நிலை 8 புழுவாகும். அதே வயல், அதே புழு, ஆனால் தீர்மானம் வேறு. விலை பழையபடி 200 டாலரே இருந்து, மருந்து எல்லாப் புழுவையும் கொல்லாமல் 80 சதவீதத்தை மட்டும் கொல்லுமென்றால்? 12-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 15. அரைகுறையாக வேலை செய்யும் மருந்தை அடிக்க, இன்னும் அதிகப் புழு இருந்தால்தான் கட்டுப்படியாகும். இதைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். மருந்து சரியாகக் கேட்கவில்லை என்றால் சீக்கிரமே, அடிக்கடி அடிக்க வேண்டும் என்று. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால், முழுப் படிப்பிலும் மிக அருமையான பகுதி இந்தக் கணக்குதான். பயத்தில் எடுக்கும் முடிவை எண்ணி எடுக்கும் முடிவாக மாற்றுகிறது. விவசாயியின் பணமும் மிஞ்சும், வயலில் வேலை செய்பவர்களின் உடம்பும் தப்பும்.

எண்ணுவது எப்படி

எல்லை தெரிந்தாயிற்று. வயலில் உண்மையில் எத்தனை இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. இங்கேதான் ஆய்வக வகுப்புகள். தொப்பி, பூட்ஸ், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், குறிப்பேடு, வீச்சு வலை.

குதிரைமசாலுக்குப் பயன்படுத்தும் வலையின் வாய் 15 அங்குல விட்டம். நடந்துகொண்டே, செடிகளின் மேல்பகுதியை உரசியபடி, இடமிருந்து வலமாக அரைவட்டமாக ஒருமுறை வீசினால் அது ஒரு வீச்சு. வயலை நான்கு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஐந்து வீச்சு. ஓரத்தில் மட்டும் நின்று வீசக் கூடாது. உள்ளே போக வேண்டும், ஏனென்றால் ஓரத்தில் இருப்பது வயல் முழுக்க இருப்பதைக் காட்டாது. இரண்டு மாணவர்கள் ஒரே வயலில் வேறு வேறு எண்ணோடு வருவது ஆரம்பத்தில் சகஜம். ஒருவர் மெதுவாக வீசியிருப்பார், இன்னொருவர் வலையை மேலே தூக்கியிருப்பார். ஒரே மாதிரி வீசப் பழகுவதற்கே சில வாரம் ஆகும்.

வலையைக் கவிழ்த்ததும் எண்ணத் தொடங்கிவிடக் கூடாது. குதிரைமசாலில் வரும் பச்சைப் புழு, மஞ்சள்-ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியின் குஞ்சு. அதன் உடலுக்குள் கோட்டேசியா என்ற சிறு குளவி முட்டையிட்டு வைத்திருக்கலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, புழு தின்றுகொண்டுதான் இருக்கும். ஆகவே பிடித்த புழுவைத் தலைப்பக்கமும் வால்பக்கமும் விரலால் பற்றி மெதுவாகப் பிய்த்துப் பார்க்க வேண்டும். பச்சைச் சாற்றுக்கு நடுவே வெள்ளையாக, பளபளப்பாக, நூல் கதிர்போல இரு முனையும் கூராக ஒரு குட்டிப் புழு நெளிந்தால், அது குளவியின் குஞ்சு. அந்தப் பச்சைப் புழு முழுசாக வளரும் முன்பே செத்துவிடும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் இந்தப் பயிருக்குக் கொடுக்கும் எல்லை, ஒட்டுண்ணி தாக்காத புழு வீச்சுக்கு 10. ஒட்டுண்ணி தாக்காத என்ற அந்தச் சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. வீச்சுக்கு 14 புழு விழுந்த வயல், பிய்த்துப் பார்த்த பிறகு 6 ஆகிவிடலாம். மேலோட்டமாக எண்ணியவர் மருந்தடிக்கச் சொல்லியிருப்பார். அந்த மருந்து மீதிப் புழுக்களோடு, வேலையைப் பாதி முடித்துவைத்திருந்த குளவிகளையும் கொன்றிருக்கும். இன்னொரு வழியும் உண்டு: அறுவடை நெருங்கிவிட்டது என்றால் சில நாள் முன்னதாக அறுத்துவிடலாம். தீவனம் பத்திரமாகக் களத்துக்குப் போய்விடும், புழுவுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது.

கூலி வாங்காத வேலையாட்கள்

இயற்கை எதிரிகளைப் பற்றிய பாடத்தில் கலிஃபோர்னியாவுக்கு என்று சொந்தமாக ஒரு வரலாறு இருக்கிறது. 1880-களில் பஞ்சுபோன்ற வெண்செதில் பூச்சி தெற்குக் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பூச்சி அது. அப்படியானால் அதைத் தின்னும் உயிரும் அங்கேதான் இருக்கும் என்ற யோசனையில், அமெரிக்க வேளாண்துறையின் தலைமைப் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி 1888-ல் ஆல்பர்ட் கோபெலேயை அங்கே அனுப்பினார். கோபெலே கண்டுபிடித்து அனுப்பிய வெடாலியா என்ற சிவப்புப் பொறிவண்டை லாஸ் ஏஞ்சலிஸில் கூடாரம் போட்டு மூடிய ஒரு மரத்தில் முதலில் விட்டார்கள். இரண்டாண்டுக்குள் செதில் பூச்சி ஒரு பிரச்சினையாகவே இல்லாமல் போனது. அப்புறம் 1940-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் டிடிடி பூச்சிக்கொல்லி அடிக்கத் தொடங்கியதும் பொறிவண்டு ஒழிந்து, செதில் பூச்சி திரும்பி வந்தது. மருந்தை நிறுத்திப் பொறிவண்டை மறுபடி கொண்டுவர வேண்டியிருந்தது.

இதே சங்கதி இன்றும் வேறு உருவத்தில் நடக்கிறது. பாதாம் தோட்டத்தில் அந்துப்பூச்சிக்காகப் பைரித்ராய்டு வகை மருந்து அடித்த சில வாரங்களில் சிலந்திப்பேன் வெடித்துப் பெருகும். சிலந்திப்பேனைத் தின்னும் இலைப்பேன்களும் வேட்டைச் சிலந்திப்பேன்களும் செத்துவிட்டதுதான் காரணம். முன்பு யாரும் கவனிக்காத பூச்சி திடீரென்று முதன்மைப் பூச்சியாகிவிடுகிறது. அதற்கு இன்னொரு மருந்து, இன்னொரு செலவு.

வெப்பத்தை எண்ணுவது

பூச்சிக்கு நாள்காட்டி கிடையாது. அதன் உடம்புக்கு என்று தனிச் சூடு இல்லாததால், வெளியே எவ்வளவு வெயில் அடிக்கிறதோ அவ்வளவு வேகமாக வளரும். எனவே "முட்டையிட்டு எத்தனை நாள்" என்று கேட்பதைவிட "எவ்வளவு வெப்பம் சேர்ந்தது" என்று கேட்பது பொருத்தமானது. இதற்கான அளவு வெப்ப நாள்.

ஆப்பிள், பேரி, வால்நட் மரங்களைத் தாக்கும் காட்லிங் அந்துப்பூச்சிக்கு 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். ஒரு நாளின் அதிகபட்ச வெப்பம் 80, குறைந்தபட்சம் 60 என்றால் சராசரி 70. அதிலிருந்து 50-ஐக் கழித்தால் 20. அன்றைக்கு 20 வெப்ப நாள் சேர்ந்தது. இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் அந்துகள் தொடர்ந்து விழத் தொடங்கும் நாளைப் பூஜ்ஜியமாக வைத்துக் கூட்டிக்கொண்டே வந்தால், சுமார் 250-ல் முட்டைகள் பொரிய ஆரம்பிக்கும். தினம் 20 சேரும் வருடத்தில் அது பன்னிரண்டு பதிமூன்று நாள். குளிர்ந்த வசந்தத்தில், அதிகபட்சம் 66, குறைந்தபட்சம் 50 என்று ஓடினால் தினம் 8-தான் சேரும், ஒரு மாதமே பிடிக்கும். போன வருடம் அடித்த அதே தேதியில் இந்த வருடமும் அடிப்பவர் முட்டை பொரியும் முன்பே மருந்தை வீணாக்குவார், இல்லாவிட்டால் புழு காய்க்குள் நுழைந்த பிறகு அடிப்பார். உள்ளே போய்விட்ட புழுவை மருந்து தொடாது. இரவு வெப்பம் 50-க்குக் கீழே போகும் நாட்களில் இந்த எளிய சராசரி தப்பாகிவிடும், அதற்கு வேறு கணக்குமுறை இருக்கிறது. இன்று கணினியே போட்டுக் கொடுத்துவிடுகிறது, ஆனால் வகுப்பில் கையால் போடச் சொல்வார்கள். கையால் போட்டவருக்குத்தான் கணினி தப்பாகச் சொல்லும்போது சந்தேகம் வரும்.

எண்ணிக்கை உதவாத இடங்கள்

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: எல்லாவற்றுக்கும் இந்த எல்லைக்கோடு பொருந்தாது. திராட்சையில் பியர்ஸ் நோயைப் பரப்பும் கண்ணாடிச்சிறகுத் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சுவதால் வரும் நட்டம் பெரிதில்லை. ஆனால் அது சைலெல்லா என்ற பாக்டீரியாவைக் கொடிக்குள் விட்டுவிட்டால் கொடியே சாகும், குணப்படுத்த வழியில்லை. 1990-களின் பிற்பகுதியில் டெமெக்யூலா பகுதித் திராட்சைத் தோட்டங்கள் இப்படித்தான் அடிவாங்கின. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் ஹுவாங்லாங்பிங் நோயைப் பரப்பும் சைலிட் பூச்சியும் இதே ரகம். அந்தப் பூச்சி கலிஃபோர்னியாவுக்கு 2008-ல் வந்தது, நோய் 2012-ல் தெரியவந்தது. இங்கெல்லாம் "பத்து வரட்டும், பார்க்கலாம்" என்று இருக்க முடியாது. பூஞ்சாண நோய்களும் பெரும்பாலும் அப்படித்தான். இலையில் புள்ளி தெரியும்போது தொற்று எப்போதோ நடந்து முடிந்திருக்கும். நோயியல் வகுப்பில் முக்கோணம் வரைந்து காட்டுவார்கள்: நோயைத் தாங்காத செடி, நோய்க்கிருமி, ஈரமும் வெப்பமும் ஒத்துவரும் சூழல். மூன்றும் ஒன்றுசேர்ந்தால்தான் நோய். அதனால் மழையையும் இலை ஈரத்தையும் பார்த்து முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும்.

வேறு சில இடங்களில் மருந்துப் பேச்சே பின்னால்தான் வரும். பாதாமின் பெரிய எதிரியான நேவல் ஆரஞ்சுப் புழு, அறுவடையில் விழாமல் மரத்திலேயே காய்ந்து தொங்கும் காய்களுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கிறது. பிப்ரவரி 1-க்குள் மரத்துக்கு இரண்டு காய்க்கு மேல் தொங்காதபடி உலுக்கியும் கழியால் தட்டியும் விழவைத்து, மார்ச் நடுவுக்குள் தரையில் கிடப்பவற்றை நொறுக்கிவிட வேண்டும் என்பது பல காலமாகச் சொல்லிவரும் அறிவுரை. இன்னும் கண்டிப்பாக இருக்கச் சொல்லும் பகுதிகளும் உண்டு. பனிமூட்டத்தில் கழி பிடித்து நிற்பது சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாத தோட்டத்தில் கோடையில் எந்த மருந்தும் முழுசாகக் கைகொடுக்காது.

அடிக்கத்தான் வேண்டும் என்றால்

மருந்தே கூடாது என்று இந்தப் படிப்பு சொல்வதில்லை. எண்ணி, யோசித்து, வேறு வழியில்லை என்று தெரிந்தபின் சரியானதைத் தேர்ந்தெடுக்கக் கற்றுத்தருகிறது. பெரும்பாலான பூச்சிக்கொல்லிகளின் லேபிளில், அது பூச்சியின் உடம்பில் எங்கே தாக்குகிறது என்பதைக் குறிக்கும் ஒரு குழு எண் இருக்கும். பைரித்ராய்டுகள் 3ஏ, நியோனிகோட்டினாய்டுகள் 4ஏ, டயமைடுகள் 28. பெயர் வேறு, நிறுவனம் வேறு என்றாலும் எண் ஒன்றாக இருந்தால் பூச்சிக்கு இரண்டும் ஒரே மருந்துதான். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதைத் தாங்கும் சிலவே பிழைத்துப் பெருகும். இது புதுக் கதையும் இல்லை. சான் ஹோசே செதில் பூச்சி கந்தகச் சுண்ணாம்புக் கலவையைத் தாங்கத் தொடங்கியதை ஆக்செல் மெலாண்டர் 1914-லேயே பதிவு செய்திருக்கிறார்.

லேபிளைப் படிப்பதற்கே தனி வகுப்பு இருக்கும். தெளித்த பிறகு எத்தனை மணி நேரம் வயலுக்குள் யாரும் போகக் கூடாது, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும், என்ன கையுறை, என்ன முகக்கவசம் என்று அதில் இருப்பதெல்லாம் சட்டம், மீறினால் தண்டனை உண்டு. கலிஃபோர்னியா இதில் மற்ற மாநிலங்களைவிடக் கறார். 1990 முதல் விவசாயத்தில் அடிக்கும் ஒவ்வொரு மருந்தையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு மாவட்ட வேளாண் ஆணையரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

படித்த பிறகு

கலிஃபோர்னியாவில் பயிருக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று தொழில்முறையில் ஆலோசனை சொல்ல உரிமம் வேண்டும். டாக்டர் நோயாளியைப் பார்த்துச் சீட்டு எழுதுவதுபோல, இவர் வயலைப் பார்த்து எழுத்தில் பரிந்துரை கொடுப்பார். வயல்களில் இவரைப் பிசிஏ என்பார்கள், பூச்சிக் கட்டுப்பாட்டு ஆலோசகர். உரிமம் தருவது மாநிலப் பூச்சிக்கொல்லி ஒழுங்குமுறைத் துறை. பூச்சிகள், நோய்கள், நூற்புழுக்கள், களைகள் என்று பிரிவு பிரிவாகத் தேர்வு. சட்டத் தேர்வு எல்லோருக்கும் பொது.

தகுதிக்கு இரண்டு பாதைகளைச் சொல்கிறேன். வழக்கமான பாதை, தொடர்புள்ள துறையில் இளநிலைப் பட்டமும் அதோடு குறிப்பிட்ட பாடங்களில் 42 யூனிட்டும். மற்றொன்று கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு ரொம்ப முக்கியம்: 60 யூனிட் கல்லூரிப் படிப்பு, அதற்குள் அந்த 42 யூனிட் பாடங்கள், கூடவே 24 மாதத் தொழில்நுட்ப வேலை அனுபவம். நான்கு வருடப் பட்டம் இல்லாமலும் இந்தத் தொழிலுக்குள் வர வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. உரிமம் வாங்கிய பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 40 மணி நேரத் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

அந்த 24 மாதத்தைத் தொடங்கப் பொருத்தமான வேலை வயல் ஆய்வாளர் வேலை. கோடையில் ஒரு பிசிஏவின் கீழ் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பொறிகளை எண்ணுவது, இலை பறித்துச் சிலந்திப்பேன் பார்ப்பது. விடியற்காலையில் கிளம்ப வேண்டும், பகலில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். அதை ஒரு கோடை செய்து பார்த்தால் இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். ஆகவே முதல் வருடம் முடிந்ததுமே போய்ப் பாருங்கள் என்பேன், பட்டம் வரை காத்திருக்க வேண்டாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது சொந்தப் பண்ணை இருக்கிறதா, பூச்சியியல் பாடத்துக்கு வயல் வகுப்பு உண்டா என்று கேளுங்கள். முதல் செமஸ்டரிலேயே கல்லூரியின் படிப்பு ஆலோசகரைப் பார்த்து, மாற்றலாகிப் போகும் பல்கலைக்கழகம் என்னென்ன வேதியியல், உயிரியல் பாடங்கள் கேட்கிறது என்று பட்டியல் வாங்கிவிடுங்கள். வேதியியலைத் தள்ளிப்போட்டால், அதை முடிக்காமல் எடுக்க முடியாத பாடங்கள் எல்லாம் சேர்ந்து தள்ளிப்போகும், இரண்டு வருடம் மூன்றாகிவிடும். பிசிஏ உரிமம்தான் குறிக்கோள் என்றால் அந்த 42 யூனிட் பட்டியலையும் அன்றைக்கே பக்கத்தில் வைத்து, நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பாடமும் அதில் எந்தப் பிரிவில் வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாடத்தின் சிலபஸ் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து உரிமம் தரும் துறைக்குச் சந்தேகம் வந்தால், உள்ளே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று காட்ட அவைதான் கையில் இருக்கும்.